இடப்பக்கம் இல்லாத எட்டு

முதல் சொட்டு விட்டாகிவிட்டது. அடுத்த மருந்துக்குக் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்றை ஊற்றினால் இரண்டும் கன்னத்தில் வழிந்து தலையணைக்குத்தான் போய்ச் சேரும் என்று ஆசுபத்திரி சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். சாந்தாமணி கட்டிலில் மல்லாந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, பொறுத்துக்கொண்டிருந்தாள். பொறுப்பதைத் தவிர ஒரு மாதத்துக்கு மேலாக அவள் வேறென்ன செய்தாள். குனியாதே என்றார்கள், குனியவில்லை. தலைக்கு ஊற்றாதே என்றார்கள், தலை நமைச்சல் எடுத்துப் புளித்த மாவு மாதிரி நாறியது, பொறுத்தாள். குடம் தூக்காதே, முக்காதே, பலமாகத் தும்மாதே. அழாதே என்பது ஆசுபத்திரிக்காரர்கள் சொன்னதில்லை, தங்கச்சி தானாகச் சேர்த்துக்கொண்டது. ஆசுபத்திரிக்குப் பக்கம் என்று கோயமுத்தூரில் தங்கச்சி வீட்டில்தான் இத்தனை நாளும் கிடந்தாள். நேற்றுப் பொழுதோடுதான் புருசன் குழந்தைவேலு வந்து திருப்பூருக்குக் கூட்டி வந்தான். சொந்த வீட்டுக்கு வந்துவிட்டால் அலுப்புத் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அலுப்பும் பையோடு பையாகக் கூடவே வந்து இறங்கிவிட்டது. காலையில் அவன் கம்பெனிக்குப் போனான், மகள் தேனு பள்ளிக்கூடம் போனாள், மாமனார் காங்கயத்தில் மகள் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர் இருந்தால் விடிந்ததும் ராசிபலனைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார், அந்தத் தொல்லையும் இன்று இல்லை. வீடு சும்மா இருந்தது. அவளும் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது இவ்வளவு அசதியான வேலை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மருந்து விடுவதற்கு முன்னால், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள், அதுதான் தப்பு. எழுந்தபோது கண்ணின் மேல் ஒட்டியிருந்த ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியில் ஒரு பக்கத்துப் பிளாஸ்திரி கழன்று தொங்கியது. வலது கை கன்னத்தின் மேல் கிடந்தது. வேர்வையில் கழன்றிருக்கும் என்றாள் தனக்குத்தானே. வேர்வைதான். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் வேர்வைதான். கை கன்னம் வரைக்கும் வந்து நின்றதா, இல்லை மூடிக்குள்ளே போய் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டதா, கையைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். கண்ணைக் கசக்குவதில் உள்ள சுகம் கசக்குகிறவர்களுக்குத்தான் தெரியும். விரலை மடக்கி, கணுவை மூலையில் வைத்து, அழுத்தி உருட்ட உருட்ட உள்ளே மஞ்சளும் பச்சையுமாகப் பூப்பூக்கும், ஈரச்சத்தம்கூடக் கேட்கும், உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் இறங்கும். சின்னதில் அம்மா முதுகில் அடி வைத்தாள், அடிபட்டு அழுதபோது அந்தக் கண்ணீரைத் துடைக்கிற சாக்கில் இன்னும் கொஞ்சம் கசக்கிக்கொண்டாள். கண்ணக் கசக்குவீங்களா என்று டாக்டர் கேட்டபோது, எப்பவாச்சும்ங்க என்றாள். குடிக்கிற ஆம்பிளைகள் எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். கசக்கக் கசக்கக் கருவிழி இளைத்துப்போய், பழைய பந்தில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வருமே அப்படி, கூம்பாக முன்னால் வந்துவிட்டது. கெட்டி லென்ஸ் போட்டுக் கொஞ்ச வருசம் ஓட்டினாள். பிறகு அந்தக் கூம்பின் மேல் லென்ஸும் உட்காரவில்லை, சிமிட்டினால் தெறித்து விழுந்தது. இனிமேல் இதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தால்தான் ஆகும் என்றார்கள். வைத்தார்கள். இறந்துபோன யாரோ ஒருவருடைய கருவிழி இப்போது அவள் வலது கண்ணில் இருக்கிறது, வட்டமாகத் தையல் போட்டு, பனியனுக்குக் கழுத்துப்பட்டி வைக்கிற மாதிரி. நேற்று ராத்திரி தேனு தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கினாள். எந்தக் குழந்தையும் செய்கிறதுதான். ஆனால் சாந்தாமணி, எடுறீ கைய என்று போட்ட சத்தத்தில் பிள்ளை விதிர்விதிர்த்து எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு படுத்தாள். அப்படியே தூங்கியும் போனாள். அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சாந்தாமணி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணைத் திறந்தாள். மருந்து விடும்போதே மூடியைக் கழற்றியாகிவிட்டது. மருந்தின் மங்கல் கலைகிற வரைக்கும் கூரையைப் பார்த்துக் கிடந்துவிட்டு, மெதுவாக எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தினமும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஒரே எடத்துல உக்காந்து, இன்னொரு கண்ண மூடிக்கிட்டு, ஒரே பொருளப் பாருங்க. நேத்தைக்கு விட மங்கலாத் தெரிஞ்சா, செவந்தா, வலிச்சா, வெளிச்சம் கூசுனா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்துராதீங்க, அன்னிக்கே வந்துருங்க. சிஸ்டரின் குரல் அப்படியே காதில் இருந்தது. தங்கச்சி வீட்டில் தினசரிக் காலண்டரின் தேதியைத்தான் பார்த்துவந்தாள். இங்கேயும் கதவுக்குப் பக்கத்தில் நகைக்கடைக் காலண்டர் தொங்கியது, கெட்டிக் கறுப்பில், உள்ளங்கை அகலத்துக்குத் தேதி. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இன்றைக்குப் பதினெட்டு. காலையில் பனியனை மாட்டிக்கொண்டே குழந்தைவேலு சொன்னான், இன்னிக்குப் பதினெட்டு, இருபத்தொண்ணாந் தேதி ஆசுபத்திரிக்கு, லீவு சொல்லிட்டேன் என்று. ஒன்று தெரிந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் எட்டைக் காணோம். மூன்று இருந்தது. சிமிட்டினாள். மூன்று. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்றுதான். சிலேட்டில் எட்டைப் போட்டு, இடது ஓரமாக விரல் வைத்துத் துடைத்தால் மூன்று மிஞ்சும். யாரோ துடைத்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, இந்தக் கைதான். கண்ணை மாற்றி இடது கண்ணால் பார்த்தாள், அது எப்போதும்போல ஏழெட்டு எண்களைக் கும்பலாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கறுப்பாக அப்பிக் காட்டியது, அதனிடம் சாட்சி கேட்டுப் பிரயோஜனமில்லை. எழுந்து கிட்டே போய்ப் பார்க்கலாம். கிட்டே போயும் மூன்றாகவே இருந்தால்? அப்புறம் சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் மிச்சமிருக்காது. முட்டியில் பலமில்லை என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இதில் வினோதம், கண் அவளிடம் பொய் சொல்வது புதிதில்லை. ஆனால் இந்தப் பொய் புதிது. இதுவரை அது சேர்த்துத்தான் காட்டியிருக்கிறது, ஒருநாளும் குறைத்துக் காட்டியதில்லை. பௌர்ணமி நிலா அவளுக்குக் குலையாகத் தொங்கும். தெருவிளக்குக்கு வால் முளைக்கும். பெண் பார்க்க வந்த குழந்தைவேலுவுக்கு மீசை மூன்று அடுக்காக இருந்தது, நடுவில் இருப்பதுதான் நிஜம் என்று அவளாக முடிவு செய்துகொண்டு சரி என்றாள். பஸ் நம்பர் தெரியாது, ஆனால் பஸ் நெளிந்து வருகிற விதமும் கண்டக்டர் விசிலும் தெரியும், தப்பாக ஏறியதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கண் டாக்டர் வந்தபோது தனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் சொன்ன எழுத்துகளைக் காதால் பிடித்துவைத்து, தன் முறை வந்ததும் மளமளவென்று ஒப்பித்தாள், வகுப்பிலேயே நல்ல பார்வை என்று கைதட்டு வேறு கிடைத்தது. கண் சொல்வதைக் கேட்டுக்கொள்வாள், ஆனால் நம்ப மாட்டாள், புத்தியைக் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வாள். வீட்டில் பொய் பேசுகிற ஆள் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் அப்படித்தானே பழகிக்கொள்வார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை கொடுத்தபோதுகூட அவள் பயப்படவில்லை. கட்டைவிரலைத் தையலின் மேல் ஓடவிட்டால் போதும், விட்டுப்போன தையல் முள் மாதிரி தட்டும். சாந்தாமணிக்குக் கட்டைவிரல்லதான் கண்ணு என்று சூப்பர்வைசர் சொல்வார், அவர் விளையாட்டுக்குச் சொன்னார், அது நிஜம். ஆனால் எண்ணெய்க் கறை விரலுக்குத் தட்டாது. ஒரு தடவை கறைபட்ட பீஸ்கள் கட்டுக்கட்டாக அவள் கையைத் தாண்டிப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன. அன்றைக்குத்தான் இனி விரலை வைத்து ஒப்பேற்ற முடியாது என்று தெரிந்தது. கண்ணைச் சரிபண்ணிட்டு வா, டேபிள் அப்படியேதான் இருக்கும் என்றார் சூப்பர்வைசர். டேபிள் இருக்கும். அவள்?

ரிஜெக்ட் ஆயிடலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அடுத்தவங்களோடதுன்னு உடம்பு கண்டுபிடிச்சு வேணாம்னு தள்ளும், சீக்கிரமா வந்தா மருந்திலயே சமாளிக்கலாம், லேட் பண்ணா போயிடும். அந்த வார்த்தையைச் சாந்தாமணிக்கு விளக்க வேண்டியதில்லை, பல வருசமாக அவள்தான் பீஸ்களின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாருடையது என்று சிஸ்டரிடம் கேட்டாள். அதெல்லாம் சொல்ல மாட்டாங்கக்கா, சன்னல் கண்ணாடி மாதிரிதான் நெனைச்சுக்குங்க என்றாள். நினைத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மனுசனோ மனுசியோ வாழ்நாள் பூராவும் கசக்காமல் வைத்திருந்த ஒன்றை, போகும்போது அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை ஒரு மத்தியானத் தூக்கத்தில் கசக்கிக் கெடுத்துவிட்டேனா. போனைப் பார்த்தாள். கூப்பிட்டால் குழந்தைவேலு வந்துவிடுவான், அதுதான் கஷ்டம். ஏற்கெனவே இரண்டு தடவை வேலையைப் போட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு ஓடி வந்துவிட்டான். ஒரு தடவை மங்கலாகத் தெரிகிறது என்று அலறிப்புடைத்துக்கொண்டு போனார்கள், ராத்திரி போட்ட களிம்பு அது. இன்னொரு தடவை சிவந்திருக்கிறது என்று போனார்கள், தூக்கமில்லாத சிவப்பு. டாக்டர் சிரித்தார், அந்தச் சிரிப்பில் குறை ஒன்றும் இல்லை. குழந்தைவேலு வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான், அவன் டீயை ரொம்ப மெதுவாகக் குடித்தான். அவன் திட்டியிருக்கலாம். அந்த மெதுவான டீயை அவளால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. மறுபடியும் அந்த நாற்காலி வரிசை, மறுபடியும் தாடையைத் தூக்கி மேல வைங்கம்மா, மறுபடியும் அந்த வெளிச்சம், மறுபடியும் ஊசி, மறுபடியும் முதலிலிருந்து. போனால் போகட்டுமே. அப்படித்தான் தோன்றியது, வெட்கமில்லாமல் தோன்றியது. போய்விட்டால் மருந்து இல்லை, மூடி இல்லை, பொறுக்க வேண்டியதில்லை, ஆசை தீரக் கசக்கிக்கொள்ளலாம். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் குளிர்ந்த பாய் மாதிரி சுகமாக இருந்தது. அதன்மேல் படுத்துக்கொண்டாள். படுத்தவுடனே தொடைக்குக் கீழே அமுக்கிய இரண்டு சின்னக் கைகள் கண்முன்னால் வந்துவிட்டன. தூங்கிய பிறகும் அந்தக் கைகள் அங்கேயேதான் இருந்தனவா? விடிகாலையில் வெளியே வந்து கண்ணுக்குப் போகவில்லை என்று யார் கண்டது? அந்தப் பிள்ளைக்கும் இது வருமோ வராதோ, வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் டாக்டர் சொன்னார், கசக்க விடாம பாத்துக்குங்க என்றார். பார்த்துக்கொள்வதற்காவது ஒரு கண் வேண்டுமே. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து போனை எடுத்தாள்.

“ஏனுங், வர முடியுங்களா?”

மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவன், “என்னாச்சு?” என்றான்.

“கண்ணுதானுங். பாதியக் காணோம்.”

“கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காரு, வந்தர்றேன்” என்றான்.

ஆசுபத்திரிச் சீட்டையும் மருந்தையும் ஒரு மாற்றுச் சேலையையும் பையில் போட்டுக்கொண்டாள், குனியாமல். சேலை எதற்கு? படுக்கச் சொன்னால் வேண்டும். பிறகு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள், திறந்தால் மிச்சமிருக்கிற வலப்பக்கமும் செலவாகிவிடும் என்கிற மாதிரி. நாளைக்கு அந்த ஒன்றும் போய்விடும், நாளை மறுநாள் வெறும் தாள்தான் தெரியும். தங்கச்சிக்கு என்ன சொல்வது, சூப்பர்வைசருக்கு என்ன சொல்வது. மூடிய இமைக்குள் அரிக்க ஆரம்பித்தது. இத்தனை நேரம் இல்லாத அரிப்பு. மாசக்கணக்கில் பழகிய நாய் காலைச் சுற்றுவதுபோல அது சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே ஒரு தடவை. போகப் போகிற கண்தானே, ஒரு தடவை கசக்கினால் என்ன வந்துவிடப் போகிறது. வலது கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்தாள். அப்புறம் இடது கையையும் வைத்தாள். கட்டில் சட்டம் புறங்கையில் அழுந்தியது. பிள்ளை இப்படித்தான் தூங்கினாளா என்று நினைத்தாள், அழக் கூடாது, அழுதால் துடைக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்காமல் அப்படியே இருந்தாள்.

குழந்தைவேலு சட்டையெல்லாம் பஞ்சுத் தூசியோடு உள்ளே வந்தான். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். “எந்திரி, போலாம். காருக்குச் சொல்லிட்டேன். வலிக்குதா?”

“இல்லீங்.”

“கூசுதா?”

“இல்ல. எட்டு எனக்கு மூணாத் தெரியுதுங். இடப்பக்கம் பூராவும் போயிருச்சு. நாந்தான் தூக்கத்துல கசக்கிப்போட்டேன்னு நெனைக்கறேன்.” சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்திருந்தாள்.

“எந்த எட்டு?”

“காலண்டர்லதானுங். பதினெட்டுல.”

அவன் திரும்பினான் என்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. அந்தச் சத்தம் காலண்டர் வரைக்கும் போனது, திரும்பி வந்தது. கட்டில் கிறீச்சிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

“சாந்தா, அதுல மூணுதான் இருக்குது.”

“இன்னிக்குப் பதினெட்டுன்னு நீங்கதான சொன்னீங்க.”

“இன்னிக்குப் பதினெட்டுதான். காலண்டர்ல பதிமூணு. அன்னிக்குக் காலைல கிழிச்சுப்போட்டுத்தான் அப்பா காங்கயத்துக்கு பஸ் ஏறுனாரு. அவரு கைய வெக்காம இந்த வீட்டுல யாரு அதத் தொடறது?”

யாரும் தொடுவதில்லைதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒருநாள் கிழித்துவிட, குளிக்காம கிழிச்சா அந்த நாள் எப்படிம்மா வெளங்கும் என்று மாமனார் அன்று பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, கிழித்து, கிழித்த கையோடு ராசிபலன். அவர் ஊருக்குப் போனால் வீடு அந்தத் தேதியிலேயே நின்று அவருக்காகக் காத்திருக்கும். இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இத்தனை நேரம் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. கண் மூன்று என்றது. எத்தனை தடவை கேட்டும், சாய்ந்து கேட்டும் நிமிர்ந்து கேட்டும், மூன்று என்றே சொன்னது. அவள்தான் எட்டு என்றாள். பிறந்ததிலிருந்து பொய் சொன்ன வாய் ஒருநாள் நிஜம் சொல்லியிருக்கிறது, அதற்கு அவள் மத்தியானம் முழுக்கக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். கண்ணைத் திறந்தாள். சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அது போன பிறகு கைகால் எல்லாம் கழன்றுவிழுகிற அசதி. குழந்தைவேலு சிரிக்கவில்லை. இந்தத் தடவை அவன்தான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, “அப்பா கோவிச்சுக்கிட்டாப் பரவாயில்ல, இதக் கிழிச்சுப்போடறேன் மொதல்ல” என்று காலண்டரிடம் போனான்.

“இருங்க” என்றாள்.

தொடைக்குக் கீழிருந்து கைகளை எடுத்தாள். மரத்துப்போயிருந்தன. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஓரம் கொஞ்சம் ஈரத்தில் ஊறினாற்போல இருந்தது, ஆனால் மூன்று ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் இன்னொரு மூன்று நிழலாக எட்டிப் பார்க்கவில்லை, மேலே ஏறி உட்காரவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், காதில் வாங்கி ஒப்பிக்காமல், விரலால் தடவாமல், அவள் பார்த்த மூன்று. போதும் என்று தலையசைத்தாள். அவன் சரசரவென்று தாள்களைக் கிழித்தான். பதினெட்டு வந்தது. எட்டு முழுசாக, இரண்டு பக்கத்தோடும் இருந்தது. ஆனால் அது எட்டு என்று அவளுக்கு முன்னாலேயே தெரியும், அதைப் பார்த்ததில் ஒரு பெருமையும் இல்லை.

அவன் காரை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். இரண்டாவது மருந்து இன்னும் விடாமலே இருந்தது. படுக்கச் சொல்லி, கட்டிலில் கிடந்த மூடியை எடுத்து வைத்துவிட்டு, புட்டியைக் குலுக்கினான்.

“மேல பாரு.”

பார்த்தாள். சொட்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “ஏனுங்” என்றாள்.

“சொல்லு.”

“நாளைலிருந்து காலைல எனக்குத் தேதி சொல்லாதீங்.”